புரதம் நிற்கும் இடம்

பேராதனைத் தாவரவியற் பூங்காவை வளைத்தோடும் மகாவலியின் மறுகரையில் கன்னொறுவ. மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் இருப்பது அங்கே. ஆற்றுக்கு இப்பால் பல்கலைக்கழக வளாகத்துக்குள் மிருக வைத்திய பீடம். கண்டிப் பக்கம் சற்று நகர்ந்தால் கெட்டம்பேயில் கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் தலைமையகம். இலங்கையில் விலங்கு வைரசுகளைப் பற்றி எங்கு பேச்சு எழுந்தாலும் அது கடைசியில் கண்டிக்கு வந்து சேர்வது இதனால்தான்.

அந்த வைரசுகளுள் ஊரெல்லாம் அறிந்தது விசர்நாய்க்கடி வைரசு. 1893 ஆம் ஆண்டிலேயே இந்த நோய்க்கென்று தனிச் சட்டம் இயற்றிய நாடு இது. 1973 இல் மட்டும் 377 பேர் இந்நோயால் இறந்தார்கள். நாய்களுக்கும் கடிபட்டவர்களுக்கும் தொடர்ந்து தடுப்பூசி போட்டதால் அண்மைய ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை சில பத்துகளுக்குள் இறங்கியிருக்கிறது. ஆனாலும் நோய் ஒழியவில்லை. கம்பளையிலோ அக்குறணையிலோ தெல்தோட்டையின் ஒரு லயத்திலோ கட்டாக்காலி நாய் ஒன்று யாரையாவது கடித்துவிட்டு இரண்டொரு நாளில் செத்துப்போனால், அதன் தலையைப் பொலிதீன் பைகளில் சுற்றி, ஐஸ் நிரப்பிய ரெஜிபோம் பெட்டியில் வைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறார்கள். கடிபட்ட வீட்டாருக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று: நாய்க்கு விசரா, இல்லையா?

ஆய்வுகூடம் அதற்குப் பதில் சொல்லும் வழி வியப்புக்குரியது. வைரசின் ஒரேயொரு புரதத்தை எடுத்துக்கொண்டு, அது மூளைக் கலங்களுக்குள் எந்த இடத்தில் குவிந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். அந்த இடம் தெரிந்தால் விடை தெரிந்துவிடும். ஒரு புரதம் என்ன செய்யும் என்பதை அதன் வடிவம் பாதி சொல்கிறது. மீதியைச் சொல்வது அது நிற்கும் இடம். நோய் எப்படி ஓடுகிறது, எந்தப் பரிசோதனை அதைப் பிடிக்கும், எப்போது ஊசி போட்டால் உயிர் தப்பும் ஆகிய மூன்றுமே அந்த இடத்தைப் பொறுத்தவை. இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

ஐந்து புரதங்கள்

மனிதனின் பரம்பரைத் தகவல் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்டது. விசர்நாய்க்கடி வைரசுக்கு இருப்பவை சுமார் 12,000 எழுத்துகள் மட்டுமே. அவையும் ஆர்.என்.ஏ. இழை ஒன்றில் எழுதப்பட்டவை. அந்த இழையில் ஐந்து பரம்பரையலகுகள் வரிசையாக இருக்கின்றன. அவை ஐந்து புரதங்களைத் தருகின்றன. ஐந்தே புரதங்களை வைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான புரதங்கள் இயங்கும் ஒரு நரம்புக்கலத்தை இந்த வைரசு தன்வசப்படுத்துகிறது.

முதலாவது என் (N) புரதம். வைரசின் ஆர்.என்.ஏ. இழையை இறுகப் போர்த்திக்கொள்வது இதுதான். ஒரு என் புரதம் ஒன்பது எழுத்துகளை மூடும். ஆகவே ஓர் இழையை முழுவதும் மூட ஏறத்தாழ 1,300 என் புரதங்கள் வேண்டும். இரண்டாவது பி புரதம். என் புரதத்தையும், ஆர்.என்.ஏ.யைப் படியெடுக்கும் நொதியான எல் புரதத்தையும் ஒன்றோடொன்று இணைப்பது இது. என், பி, எல் மூன்றும் கலத்தின் குழியவுருவிலேயே, அதாவது கருவுக்கு வெளியே உள்ள கூழில், வேலை செய்கின்றன.

ஜீ புரதத்தின் பயணம் வேறு. வைரசின் மேற்பரப்பில் முட்கள் போல் நீட்டிக்கொண்டிருப்பது இதுவே. நரம்புக்கலத்தைப் பற்றிக்கொள்ளவும் உள்ளே நுழையவும் இதுதான் வேண்டும். இதன் தொடக்கத்தில் 19 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு துண்டு ஒன்று இருக்கிறது. புரதத்தைக் கட்டும் இறைபோசோமிலிருந்து அந்தத் துண்டு வெளியே தலைகாட்டியதும், கலத்தின் உதவிப் புரதங்கள் அதைக் கண்டுகொண்டு முழு இறைபோசோமையும் அகமுதலுருச் சிறுவலை என்னும் சவ்வு வலைக்கு இழுத்துச் செல்கின்றன. மீதிப் புரதம் அந்தச் சவ்வுக்குள் ஊடுருவியபடியே வளர்கிறது. அங்கே அதற்குச் சீனிச் சங்கிலிகள் பொருத்தப்படுகின்றன, ஜீ புரதங்கள் மூன்று மூன்றாகச் சேர்கின்றன, பிறகு கொல்கியுடல் வழியாகக் கலத்தின் வெளிச் சவ்வை அடைகின்றன. வழிகாட்டும் வேலை முடிந்ததும் அந்த 19 அமினோ அமிலத் துண்டு வெட்டி நீக்கப்படுகிறது. கலத்தின் சொந்தப் புரதங்களும் இதே வழியில்தான் வெளிச் சவ்வுக்குப் போகின்றன. வைரசு தனக்கென்று புதுப்பாதை போடவில்லை. இருக்கும் பாதையில் செல்வதற்குத் தேவையான துண்டை மட்டும் தன் புரதத்தில் வைத்திருக்கிறது.

எஞ்சியிருப்பது எம் புரதம். சவ்வின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு, என் புரதம் போர்த்திய இழையைச் சுருள் சுருளாக இறுக்கி, மேலே காத்திருக்கும் ஜீ புரதங்களோடு சேர்த்துப் புதிய வைரசை உருவாக்குவது இதன் பணி. அப்படி வெளியேறும் துகள் துப்பாக்கிக் குண்டின் வடிவம் கொண்டது. ஏறத்தாழ 180 நனோமீற்றர் நீளம், 75 நனோமீற்றர் அகலம்.

ஒரே கலம், ஒரே வைரசு. ஆனால் ஜீ புரதம் குழியவுருவில் மிதந்துகொண்டிருந்தால் அதனால் பயனில்லை. என் புரதம் சவ்வுக்குள் போய்ச் சிக்கினால் வைரசின் ஆர்.என்.ஏ. போர்வையின்றி நிற்கும். ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்துக்கு உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தால்தான் வைரசு பெருகும்.

பாவியாவில் கண்ட உருண்டைகள்

புரதம் என்றால் என்ன, வைரசு என்றால் என்ன என்று தெளிவாகத் தெரியாத காலத்திலேயே மனிதர்கள் இந்தப் புரதக் குவியலைக் கண்ணால் கண்டுவிட்டார்கள். 1903 இல் இத்தாலியின் பாவியா நகரில் அடெல்கி நெக்ரி என்ற இளம் மருத்துவர், விசர் பிடித்து இறந்த விலங்குகளின் மூளையை மெல்லிய துண்டுகளாக வெட்டி, சாயமேற்றி, நுணுக்குக்காட்டியில் பார்த்தார். பெரிய நரம்புக்கலங்களின் குழியவுருவில் தெளிவான விளிம்புடைய சிறு உருண்டைகள் தெரிந்தன. ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதியிலும் சிறுமூளையின் பெரிய கலங்களிலும் அவை நிறைய இருந்தன. ஆரோக்கியமான மூளையில் அவை இல்லை.

நெக்ரி பணியாற்றியது கமில்லோ கொல்கியின் ஆய்வுகூடத்தில். ஜீ புரதம் கடந்து செல்லும் கொல்கியுடலை 1898 இல் முதன்முதலில் விவரித்தவர் அதே கொல்கிதான். வைரசின் ஒரு புரதம் கடக்கும் உறுப்பையும், வேறு இரண்டு புரதங்கள் திரளும் உருண்டையையும் ஒரே ஆய்வுகூடம் ஐந்தாண்டு இடைவெளியில் உலகுக்குக் காட்டியது. இரண்டுக்கும் உள்ள தொடர்பு அப்போது அங்கே யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

அந்த உருண்டைகள் நோயை உண்டாக்கும் ஒருவகை ஒட்டுண்ணி என்று நெக்ரி கருதினார். அதே 1903 இல் கொன்ஸ்தாந்திநோபிளில் போல் ரெம்லிங்கர், பற்றீரியாவைக் கூடத் தடுத்துவிடும் வடிகளின் ஊடாக இந்நோயின் கிருமி கசிந்து வெளியேறுவதைக் காட்டினார். அத்தனை பெரிய உருண்டை வடியைக் கடக்க முடியாது. ஆகவே கிருமி வேறு, உருண்டை வேறு. என்றாலும் உருண்டையைக் கண்டால் நோய் உறுதி என்பதில் ஐயம் எழவில்லை. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உலகெங்கும் விசர்நாய்க்கடியை உறுதிப்படுத்தியது அந்த உருண்டைதான். அதற்கு இன்றும் நெக்ரி உடல் என்றே பெயர்.

அந்த முறையில் ஒரு பெரிய குறை இருந்தது. நோய் உள்ள எல்லா மூளையிலும் நெக்ரி உடல் தெரிவதில்லை. உருண்டையைக் காணவில்லை என்பதற்காகக் கடிபட்டவரை வீட்டுக்கு அனுப்ப எந்த மருத்துவருக்கும் மனம் வராது. தொடக்க நிலையிலேயே சிறிய குவியல்களையும் காட்டக்கூடிய வழி தேவைப்பட்டது.

பச்சையாக ஒளிரும் புள்ளி

வழியைத் திறந்தவர் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அல்பர்ட் கூன்ஸ். பிறபொருளெதிரி என்பது ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப் பற்றிக்கொள்ளும் தன்மையுடையது. அதனோடு ஒளிரும் சாயம் ஒன்றைப் பிணைத்துவிட்டால், அது பற்றிய இடமெல்லாம் ஒளிருமே என்று அவர் எண்ணினார். 1940களின் தொடக்கத்தில் அதைச் செய்தும் காட்டினார். புரதம் கலத்துக்குள் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு நேரடியான பதில் கிடைத்தது அன்றுதான். 1958 இல் கோல்ட்வாசரும் கிஸ்லிங்கும் அந்த முறையை விசர்நாய்க்கடிக்குக் கொண்டுவந்தார்கள்.

நாயின் தலை ஆய்வுகூடத்துக்கு வந்ததும் நடப்பது இதுதான். மூளைத்தண்டிலிருந்தும் சிறுமூளையிலிருந்தும் சிறு துண்டுகள் எடுக்கப்படுகின்றன. கண்ணாடி வழுக்கியின் மீது அந்தத் துண்டை மெல்ல அழுத்தி எடுத்தால் கலங்களின் மெல்லிய படலம் ஒன்று கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். வழுக்கியை மறை 20 பாகை செல்சியசில் உள்ள அசற்றோனில் வைக்கிறார்கள். அசற்றோன் கலச்சவ்வின் கொழுப்பைக் கரைத்து, பிறபொருளெதிரி உள்ளே போக வழிவிடுகிறது. புரதங்களை இருந்த இடத்திலேயே உறையவும் வைக்கிறது. பின்னர் என் புரதத்தைப் பற்றும் ஒளிரும் பிறபொருளெதிரியை இட்டு, 37 பாகையில் அரை மணி நேரம் விட்டு, பற்றாமல் எஞ்சியதைக் கழுவுகிறார்கள்.

புளோரொளிர்வு நுணுக்குக்காட்டியின் நீல ஒளியில் அந்த வழுக்கியைப் பார்த்தால், நோய் உள்ள மூளையில் பச்சை ஆப்பிளின் நிறத்தில் புள்ளிகள் மின்னும். சில பெரிய உருண்டைகளாக இருக்கும். அவை நெக்ரி கண்டவை. சில தூசி போலச் சிதறியிருக்கும். அவற்றை நெக்ரியின் சாயம் காட்டியிருக்காது. நல்ல நிலையில் வந்த மாதிரி என்றால் இந்தப் பரிசோதனை நூற்றுக்கு 95 முதல் 99 வரை சரியான விடையைச் சில மணி நேரத்திலேயே தந்துவிடும்.

ஐந்து புரதங்கள் இருக்க, ஏன் என் புரதத்தையே தேடுகிறார்கள்? ஆர்.என்.ஏ. இழையில் முதலாவது பரம்பரையலகு அதனுடையது. படியெடுக்கும் நொதி முதலிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு எல்லையிலும் சில தடவை கழன்று விழுகிறது. அதனால் முன்னால் உள்ளது அதிகமாகவும் பின்னால் உள்ளது குறைவாகவும் உருவாகும். எல்லாவற்றிலும் மிகுதி என் புரதம். கடைசியில் உள்ள எல் புரதம் மிகக் குறைவு. மிகுதியாக இருப்பதோடு ஒரே இடத்தில் திரண்டும் நிற்பதால் என் புரதம் கண்ணுக்கு எளிதில் அகப்படுகிறது.

மாதிரி நல்ல நிலையில் வரவேண்டும் என்பதற்கும் காரணம் இருப்பிடம்தான். வெயிலில் கிடந்து அழுகிய மூளையில் கலங்கள் உடைந்து, புரதங்கள் சிதைந்து, குவியல் கலைந்துவிடும். அப்போது பச்சை தெரியாததை நோய் இல்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ள முடியாது. பெட்டியில் வைக்கும் ஐஸ், அந்தப் புரதத்தை அது நின்ற இடத்திலேயே காப்பாற்றி வைக்கிறது.

சவ்வில்லாத அறை

நெக்ரி உடலுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பது தெளிவாக நூறாண்டு சென்றது. வைரசு விட்டுச் சென்ற கழிவு என்று நீண்ட காலம் நினைத்திருந்தார்கள். 2009 இல் பிரான்சில் டானியேல் புளொண்டல் உள்ளிட்ட ஆய்வாளர்கள், வைரசின் ஆர்.என்.ஏ. புதிதாக உருவாகும் இடம் அதுவே என்று காட்டினார்கள். கழிவு என்று எண்ணியது வைரசின் வேலைக்கூடமாக இருந்தது.

அந்தக் கூடத்துக்குச் சுவர் ஏது? கலத்தின் மற்ற அறைகளைச் சூழ்ந்து கொழுப்புச் சவ்வு இருக்கிறது. நெக்ரி உடலைச் சுற்றித் தொடக்கத்தில் அப்படி எதுவும் இல்லை. 2017 இல் வெளியான ஆய்வில் அதே பிரெஞ்சுக் குழுவினர் பி புரதத்தோடு ஒளிரும் புரதம் ஒன்றை இணைத்து, உயிருள்ள கலங்களில் அதைப் பின்தொடர்ந்தார்கள். உருண்டைகள் நகர்ந்தன. இரண்டு தொட்டுக்கொண்டால் ஒன்றாகி மீண்டும் உருண்டையாயின. கலத்தைச் சுற்றியுள்ள கரைசலை நீர்க்கச் செய்தபோது மறைந்தன. சற்று நேரத்தில் திரும்பத் தோன்றின. நெக்ரி உடல் ஒரு திரவத் துளி. சூடான சொதியின் மேல் மிதக்கும் எண்ணெய்ப் பொட்டுகள் தாமாகவே வட்டமாகத் திரள்வதையும், கரண்டி பட்டால் ஒன்று சேர்வதையும் நாம் நாளும் பார்க்கிறோம். குழியவுருவில் என் புரதமும் பி புரதமும் ஏறக்குறைய அப்படித்தான் பிரிந்து திரள்கின்றன. வேறு எந்த வைரசுப் புரதமும் இல்லாமல், இவை இரண்டை மட்டும் ஒரு கலத்தில் உருவாக்கினாலே துளி தோன்றிவிடுகிறது.

இதன் அழகை எண்ணிப் பாருங்கள். சவ்வு கட்டும் செலவில்லை. வேண்டிய புரதங்களும் ஆர்.என்.ஏ.யும் ஒரே இடத்தில் நெருங்கி நிற்கின்றன, படியெடுப்பு வேகமாகிறது. கலத்தின் காவல் புரதங்களின் கண்ணில் வைரசின் ஆர்.என்.ஏ. எளிதில் படுவதும் குறைகிறது. போர்வை சுற்றிய புது இழைகள் துளியிலிருந்து வெளியேறி, கலத்துக்குள் நீளும் நுண்குழாய்களின் வழியே நகர்ந்து, எம் புரதமும் ஜீ புரதமும் காத்திருக்கும் சவ்வை நோக்கிப் போகின்றன.

இடம் தவறினால்

பி புரதத்துக்கு இன்னொரு முகம் உண்டு. அதன் முழு நீளம் 297 அமினோ அமிலங்கள். ஆனால் இறைபோசோம் சில வேளை முதல் தொடக்கப் புள்ளியைத் தாண்டிப் போய், 20, 53, 69, 83 ஆகிய இடங்களிலிருந்தும் புரதத்தைக் கட்டத் தொடங்குகிறது. ஒரே பரம்பரையலகிலிருந்து நீளம் குறைந்த நான்கு வடிவங்கள் கூடுதலாகக் கிடைக்கின்றன.

இந்த வடிவங்கள் நிற்கும் இடங்கள் வெவ்வேறு. பி புரதத்தில் ஏறக்குறைய 49 இலிருந்து 58 வரையுள்ள பகுதி, கருவுக்குள் போனாலும் அதை மறுபடி வெளியே கொண்டுவரச் செய்யும் சைகை. முழு நீளப் புரதத்தில் அது முழுமையாக இருப்பதால் புரதம் குழியவுருவிலேயே நிற்கிறது. 53 இல் தொடங்கும் வடிவத்தில் அந்தச் சைகை பாதியில் அறுபட்டுவிடுகிறது. அது கருவுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

இரண்டு இடத்திலும் அதற்கு ஒரே எதிரி. வைரசு தொற்றிய கலம் இன்டர்பெரோனைச் சுரந்து அயல் கலங்களை எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை கிடைத்த கலத்தில் ஸ்டாட்1 என்ற புரதம் குழியவுருவிலிருந்து கருவுக்குள் ஓடி, வைரசை எதிர்க்கும் நூற்றுக்கணக்கான பரம்பரையலகுகளை இயக்கும். முழு நீள பி புரதம் ஸ்டாட்1ஐக் கருவுக்கு வெளியே பிடித்துவைக்கிறது. எப்படியோ தப்பி உள்ளே போனால், அங்கே நிற்கும் குறுகிய வடிவம் அதை டி.என்.ஏ.யோடு சேரவிடாமல் தடுக்கிறது.

இருப்பிடம் உயிர்-சாவை நிர்ணயிக்கும் என்பதற்கு ஜப்பானில் கிபு பல்கலைக்கழகத்தின் நஒட்டோ இட்டோவும் உடனாய்வாளர்களும் 2010 இல் வெளியிட்ட ஆய்வு ஒரு சான்று. நிஷிகஹாரா என்ற வைரசு வகையை மூளையில் செலுத்தினால் எலிகள் இறந்துவிடும். அதையே கோழிக் கருக் கலங்களில் நூறு தடவை வளர்த்தெடுத்த வகை எலிகளைக் கொல்லவில்லை. இரண்டையும் ஒப்பிட்டபோது, வலுவிழந்த வகையின் பி புரதத்தில் அந்த வெளியேற்றச் சைகை பழுதடைந்திருந்தது. அந்தப் புரதத்தால் ஸ்டாட்1ஐ வெளியே தடுத்து நிறுத்த முடியவில்லை. மூல வகையின் பி பரம்பரையலகை மட்டும் வலுவிழந்த வகைக்குள் பொருத்தியதும், எலிகள் மீண்டும் இறந்தன.

மூளையில் ஒளிவு, உமிழ்நீரில் வெளிப்பாடு

கடிபட்ட தசையிலிருந்து வைரசு நரம்பிழையின் நுனிக்குள் நுழைகிறது. நரம்புக்கலத்தின் உடல் முதுகுத்தண்டில் இருக்க, இழை காலின் நுனிவரை நீண்டிருக்கும். டைனீன் என்ற இயக்குபுரதம் நுண்குழாய்களின் வழியே வைரசை உடலை நோக்கி இழுத்துச் செல்கிறது; நாளொன்றுக்கு 50 முதல் 100 மில்லிமீற்றர் வரை. அங்கிருந்து அடுத்த நரம்புக்கலம், அடுத்தது, மூளை.

மூளைக்கு வந்த பின் நடப்பது விசித்திரமானது. நரம்புக்கலங்களில் புதிய வைரசுகள் பெரும்பாலும் கலத்தின் உட்புறச் சவ்வுகளில் அரும்புகின்றன. பக்கத்துக் கலத்துக்குப் போவதும் நரம்புகள் சந்திக்கும் இடங்களில்தான். இரத்தத்தில் வைரசு அலைவதில்லை. நோயெதிர்ப்புக் கலங்களின் கண்ணில் எளிதில் படுவதில்லை. உமிழ்நீர்ச் சுரப்பியின் கலத்துக்கு வந்ததும் அதே வைரசு வேறுவிதமாக நடக்கிறது. சுரப்பிக் குழாயை நோக்கிய வெளிச் சவ்வில் அரும்பி, உமிழ்நீருக்குள் பெரும் எண்ணிக்கையில் கொட்டுகிறது. நாய் கடிக்கும் வெறியோடு இருக்கும் அதே நாட்களில் அதன் வாய் வைரசால் நிறைந்திருக்கிறது. இந்த வைரசு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விலங்குக்கு விலங்கு தாவி நிலைத்திருப்பதன் இரகசியம், அது அரும்பும் இடம் கலத்துக்குக் கலம் மாறுவதில் இருக்கிறது.

கண்டி மலைகளில் நாய் மட்டும் இதைச் சுமக்கவில்லை. இலங்கைக்கே உரிய பொன்னிற மரநாயிலிருந்து எடுக்கப்பட்ட வைரசு தனியொரு வகை என்று 2011 இல் வெளியான ஆய்வு ஒன்று அறிவித்தது. காட்டிலும் ஒரு சுழற்சி ஓடுகிறதென்றால் நாய்களுக்கு மட்டும் ஊசி போட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது.

டெங்குப் பரிசோதனை ஏன் இரத்தத்தில்?

இருப்பிடமே பரிசோதனையைத் தீர்மானிக்கிறது என்பதைக் கண்டியில் நூற்றுக்கணக்கானோர் தம் கையிலேயே உணர்ந்திருப்பார்கள். காய்ச்சல் வந்து முதல் சில நாட்களுக்குள் இரத்தம் எடுத்துச் செய்யும் டெங்கு அன்டிஜென் பரிசோதனை தேடுவது என்.எஸ்.1 என்ற வைரசுப் புரதத்தை. அது தொற்றிய கலத்தின் அகமுதலுருச் சிறுவலையில் உருவாகி, ஒரு பங்கு உள்ளேயே சவ்வோடு ஒட்டி நின்று வைரசின் பெருக்கத்துக்கு உதவுகிறது. மற்றப் பங்கு ஆறாறாகச் சேர்ந்து கலத்தை விட்டு வெளியேறி இரத்தத்தில் கலக்கிறது. வெளியே வருவதால் ஒரு துளி இரத்தத்தில் அகப்படுகிறது. விசர்நாய்க்கடியின் என் புரதம் கலத்தை விட்டுத் தனியாக வெளியே வராது. அதனால்தான் அதற்கு மூளை வேண்டியிருக்கிறது. உயிரோடிருக்கும் நோயாளியில் அதைத் தேட வேண்டுமானால் பின்கழுத்துத் தோலில் சிறு துண்டை எடுத்து, மயிர்க்கால்களைச் சுற்றியுள்ள நரம்பு நுனிகளில் பார்க்கிறார்கள். இரத்தத்தில் தேடிப் பயனில்லை.

இலங்கையில் 186,101 பேர் டெங்குச் சந்தேகத்தோடு பதிவான 2017 ஆம் ஆண்டில் பரவியதில் பெரும்பகுதி இரண்டாம் வகை டெங்கு வைரசு. அந்த வகையின் என்.எஸ்.5 புரதம் படியெடுக்கும் நொதி. அது வேலை செய்ய வேண்டிய ஆர்.என்.ஏ. குழியவுருவில் இருக்க, அந்தப் புரதத்தின் பெரும்பங்கு கருவுக்குள் போய்க் குவிகிறது. அங்கே அது கலத்தின் சொந்த ஆர்.என்.ஏ.யை வெட்டி இணைக்கும் பணியில் தலையிடுகிறது. முதலாம், நான்காம் வகைகளில் அதே புரதம் பெரும்பாலும் கருவுக்கு வெளியே நிற்கிறது. நான்கு வகையும் ஒரே நுளம்பால் பரவும் நெருங்கிய உறவினர்கள். ஆனாலும் ஒரு புரதத்தின் இருப்பிடத்தில் வேறுபட்டு நிற்கிறார்கள்.

மாடுகளின் கால், வாய் நோய் வைரசு மூன்றாவது வழியைக் காட்டுகிறது. கண்டிக்கு அருகே பொல்கொல்லவில் உள்ள விலங்கு வைரசு ஆய்வுகூடம் நெடுங்காலமாகக் கவனம் செலுத்திவரும் நோய் இது. அந்த வைரசின் 2பி, 2சி புரதங்கள் சவ்வுகளில் அமர்ந்து, அகமுதலுருச் சிறுவலையிலிருந்து கொல்கியுடலுக்குச் செல்லும் பாதையையே மறித்துவிடுகின்றன. தான் தொற்றுக்குள்ளானதை வெளிச் சவ்வில் காட்டி எச்சரிக்க வேண்டிய கலத்தின் புரதங்கள் வெளியே வர முடியாமல் சிக்கிக்கொள்கின்றன. வைரசு தன் புரதத்தை ஓரிடத்தில் நிறுத்தி, கலத்தின் புரதங்களுக்கு அவற்றின் இடம் கிடைக்காமல் செய்கிறது.

துளியைக் குலைக்க முடியுமா?

இடம் இத்தனை முக்கியம் என்றால், அந்த இடத்தையே தாக்கினால் என்ன? நுரையீரலைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்ற வைரசும் நெக்ரி உடலைப் போன்ற திரவத் துளிகளில் பெருகுகிறது. 2021 இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் சைக்குளோபமைன் என்ற சேர்மமும் அதன் உறவுச் சேர்மம் ஒன்றும் அந்தத் துளிகளை இறுகச் செய்து, திரவத்தன்மையை அழித்து, எலிகளின் நுரையீரலில் வைரசின் பெருக்கத்தைத் தடுப்பதைக் காட்டினார்கள். நொதியைத் தாக்கும் மருந்துகளை நாம் நீண்ட காலமாக அறிவோம். நொதி வேலை செய்யும் இடத்தைத் தாக்கும் மருந்து என்பது புதிய எண்ணம். நோய்க்குறி தோன்றிய பின் ஏறக்குறைய எவரும் பிழைக்காத விசர்நாய்க்கடிக்கு இந்தப் பாதை ஒருநாள் உதவக்கூடும் என்று நம்புகிறேன். அத்தகைய மருந்து மூளைக்குள் போய்ச் சேரவேண்டும், நரம்புக்கலத்தின் சொந்தத் துளிகளைக் குலைக்காமலும் இருக்கவேண்டும். கடினமான பணி, ஆனால் என்ன செய்யவேண்டும் என்பதாவது இப்போது தெரியும்.

அதுவரை நமக்குள்ள ஆயுதம் நேரம். உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது; மனிதருக்குத் தொற்றுவது நூற்றுக்கு 99 வரை நாய்களிடமிருந்து. கடிபட்டதிலிருந்து நோய் வெளிப்படப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதமாகும். ஒரு வாரத்திலும் வரலாம். முகத்திலும் கழுத்திலும் பட்ட கடி அதிக ஆபத்தானது, ஏனெனில் மூளைக்கு வழி குறுகியது. வைரசு காயத்தில் இருக்கும்வரை சவர்க்காரமும் ஓடும் நீரும் அதை அழிக்கும். 15 நிமிடம் தேய்த்துக் கழுவவேண்டும் என்று சொல்வது அதனால்தான். அது தசைக்குள் இருக்கும்வரை பிறபொருளெதிரிகள் அதை எட்டிப் பிடிக்கும். உடனே ஊசி போடச் சொல்வது அதனால்தான். நரம்பிழைக்குள் புகுந்து, மூளைக் கலத்தில் என் புரதமும் பி புரதமும் துளியாகத் திரண்டுவிட்டால் எந்த ஊசியும் அங்கே எட்டாது.

ஆகவே சிறு கீறல்தானே என்று மஞ்சள் பூசிவிட்டு இருக்காதீர்கள். நாயின் தலை ஆய்வுகூடத்துக்குப் போய் விடை வரட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். விடை வந்தபின் தேவையில்லை என்றால் வைத்தியரே நிறுத்துவார். வீட்டு நாய்க்கும் லயத்து நாய்க்கும் ஆண்டுதோறும் ஊசி போடுங்கள். ஓர் ஊரில் நூற்றுக்கு 70 நாய்களுக்குப் போட்டாலே பரவல் அறுபடும். கலத்துக்குள் இடம் பிடித்த வைரசை வெளியேற்ற இன்று எவராலும் இயலாது. அதற்கு இடம் கிடைக்காமல் செய்யும் தடுப்பூசி, கடிபட்ட எவருக்கும் நம் அரச வைத்தியசாலைகளில் காசு வாங்காமல் போடப்படுகிறது.